பௌர்ணமி அன்று ஆறு மணிக்குத் தண்ணீர் எவ்வளவு

துறைமுக அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைநிலை ஊழியரிலிருந்து அதிகாரி வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. அதிகாரி அவளைவிட ஆறு வயது பெரியவர். அவரும் அக்கா என்றுதான் சொல்வார்.

காரணம், அவள் வேலை. கழிமுகத்தின் உள்கரையில் கருங்கல் சுவரோடு சேர்த்து ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான ஓர் அளவுகோலை அறைந்து வைத்திருந்தார்கள். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் பதினோரு படி இறங்கிப் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்திலேயே ஒரு கருவியும் உண்டு. அது தானாக அளந்து தானாகக் கணினிக்கு அனுப்பிவிடும். ஆனாலும் கருவிக்குப் பாசி பிடிக்கும், கம்பி அறுந்துபோகும். அதனால் கண்ணால் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்று விதியில் இருந்தது. இருபத்து மூன்று வருடமாக அந்த ஆள் அவள்தான். அடுத்த வருடம் எந்த நாளில் எந்த மணிக்குக் கடல் ஏறும், எந்த மணிக்கு வற்றும் என்ற அட்டவணையைத் தயாரிப்பதும் அவளே. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கப்பல்கள் உள்ளே வரும்.

அவளுக்கு ஓர் இடத்தில் இருப்பு கொள்ளாது. போன் பேசினால் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து கதவருகில் போய் நின்றுவிடுவாள். பள்ளியில் படிக்கும்போது, ஆற்றை எதிர்த்துப் படகு எத்தனை நேரத்தில் போகும் என்று ஒரு கணக்கு வந்தது. "மழைக்காலமா சார், வெயில்காலமா?" என்று கேட்டாள். வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். வெளியே நின்றபோதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டவரோ நேர் எதிர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒரு சக்கரத்தின் கோணலை எடுக்க அரை நாள் ஆனாலும் பொறுமையாகக் கம்பி கம்பியாகத் திருகிக்கொண்டிருப்பார். "எங்க வீட்டுல ஒருத்தர் சக்கரம், ஒருத்தர் பிரேக்" என்பார் கடைக்கு வருகிறவர்களிடம்.

அவளுக்கு ஒரே தம்பி. பதினான்கு பேர் உட்காரக்கூடிய மோட்டார் படகு வைத்திருந்தான். கழிமுகத்துக்கு நடுவே ஒரு தீவும், தீவில் ஒரு பாழடைந்த கோட்டையும் உண்டு. கரையிலிருந்து தீவு வரைக்கும் தண்ணீருக்கடியில் நீளமாக ஒரு மணல்திட்டு போகிறது. தண்ணீர் நன்றாக வற்றினால் வெளியே தலைகாட்டும். தம்பி ஆட்களைப் படகில் ஏற்றிக் கோட்டைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவான். கோட்டையில் பார்க்க ஒன்றும் பெரிதாகக் கிடையாது. நாலு சுவர், வௌவால், ஒரு துருப்பிடித்த பீரங்கி. ஆட்கள் வருவது நாவலுக்காக.

நூறு வருடத்துக்கு மேலான சாகச நாவல் அது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் நடப்பதாக எழுதப்பட்ட கதை. படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் பதினைந்து வயதுக்குள் ஒரு தடவையாவது படித்திருப்பார்கள். தீவுக் கோட்டையில் கதாநாயகனின் அண்ணனைச் சிறை வைத்திருக்கிறார்கள். விடிந்தால் தூக்கு. படகுத்துறை எல்லாவற்றிலும் காவல். கதாநாயகன் என்ன செய்கிறான்? பௌர்ணமி நிலா எழுகிற நேரத்தில், தண்ணீர் வற்றியிருக்கும் மணல்திட்டு வழியாகக் கணுக்கால் நனைய நடந்தே போய், பின்சுவர் ஏறி, அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வருகிறான். படத்தோடு போட்ட பதிப்புகளில் அட்டையே அந்தக் காட்சிதான்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஸ்கேல் அக்கா மட்டும் நாவலைப் படித்ததில்லை. வீட்டிலும் தெருவிலும் பேசிப் பேசியே கதை காதில் விழுந்துவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

ஒரு பௌர்ணமியன்று மாலை ஆறு மணிக்கு அவள் படியிறங்கினாள். தண்ணீர் ஒன்று புள்ளி நாற்பது மீட்டர் கோட்டில் நின்றது. ஏறிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்தால், கரையை ஒட்டி ஓர் ஆள் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போகிறார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு புத்தகம்.

"ஏங்க! திரும்புங்க! தண்ணி ஏறுது!" என்று கத்தினாள்.

அவர் திரும்பிப் பார்த்துப் புன்னகையோடு கையை ஆட்டினார். கிழக்கே நிலா அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினார், 'இதோ பாருங்கள், சரியான நேரத்துக்குத்தான் போகிறேன்' என்கிற மாதிரி. இன்னும் இருபது அடி போயிருப்பார். அடுத்த அடியில் இடுப்பு வரைக்கும் முழுகினார். அதற்கடுத்த அடியில் கால் தரையில் இல்லை. கடலிலிருந்து உள்ளே பாயும் நீரோட்டம் அவரை அப்படியே பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய், பழைய பாலத்தின் இரும்புத் தூணில் மோதவிட்டது. அவள் கையிலிருந்த விசிலை மூச்சு முட்ட ஊதினாள். கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பியின் படகு திரும்பியது. படகில் இருந்த ஓர் அம்மா, "ஐயோ, எங்க வீட்டுக்காரர்! நடந்து வரேன்னு சொன்னாரே, நடந்து வரேன்னு சொன்னாரே" என்று அலறினாள். தம்பி கயிறு வீசி, தண்ணீரில் குதித்து, எப்படியோ அந்த மனிதரைப் படகுக்குள் இழுத்துப் போட்டான். உயிர் தப்பியது. தொடை எலும்பு இரண்டு துண்டு.

அவர் வெளியூர்த் தையல்காரர். கோட்டும் கால்சட்டையும் தைக்கிற கடை. பன்னிரண்டு வயதில் படித்த நாவலின் இடத்தை வாழ்நாளில் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மனைவியோடு வந்தவர். முதல் நாள் தம்பியின் படகில் போயிருக்கிறார். தம்பி வழக்கம்போல மணல்திட்டைக் காட்டி, "பாத்துக்கங்க, பௌர்ணமி நிலா மேல வரும்போது இந்த வழியாத்தான் நடந்து போனான்" என்று கையை வீசிச் சொல்லியிருக்கிறான். மறுநாள் பௌர்ணமி. இவர் கிளம்பிவிட்டார்.

துறைமுக அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "அக்கா, மேலிடத்துலேர்ந்து கேக்கறாங்க. அந்த நேரத்துல அங்க நடந்து போக முடியுமா, முடியாதா? ரெண்டு வரியில எழுதிக் கொடுங்க."

இதற்கு அவள் அட்டவணையைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கடல் ஏறுவதும் வற்றுவதும் நிலாவின் பிடியில் இருக்கிறது. ஆகையால் ஒரு துறைமுகத்தில் ஒரு பௌர்ணமிக்கு எந்த மணிக்குத் தண்ணீர் வற்றுமோ, ஏறக்குறைய அதே மணிக்குத்தான் எல்லாப் பௌர்ணமிக்கும் வற்றும். அங்கே அது மத்தியானம் மூன்று. மூன்று மணிக்குத் திட்டு வெளியே தெரியும், நிலா வந்திருக்காது. நிலா வருகிற ஆறு மணிக்குத் தண்ணீர் பாதி ஏறி, நீரோட்டம் உச்சத்தில் இருக்கும். அவள் எழுதினாள்: 'பௌர்ணமி மாலை ஆறு மணிக்கு அந்தத் திட்டில் மனிதர் நடந்து செல்ல இயலாது. எந்தக் காலத்திலும் இயன்றிருக்காது.'

முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது வரி, கையெழுத்துப் போடுகிற வேகத்தில் தானாக வந்து விழுந்துவிட்டது.

அந்த இரண்டாவது வரியைத்தான் செய்தித்தாள்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 'நூறாண்டுப் புளுகு: துறைமுக அலுவலகம் அம்பலம்' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் வந்தது. கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். வார இறுதியில் வரிசை நிற்கும் தம்பியின் படகுத்துறையில் பூனை படுத்துத் தூங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. இவளும் உட்காரவில்லை. அவள் புருஷன் மட்டும் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதையில அவனை மூணு தடவ சுடறாங்க, சாகலை. நாப்பது அடி கோபுரத்துலேர்ந்து குதிக்கிறான், கால் சுளுக்குதாம். அதையெல்லாம் விட்டுட்டு நீ தண்ணியைப் பிடிச்சிக்கிட்டியேக்கா!"

"சுடறதும் குதிக்கிறதும் எனக்குத் தெரியாது. தண்ணி தெரியும்."

"கதைக்கு எதுக்குக்கா அளவுகோலு?"

"அந்த ஆளு கதைன்னு நெனச்சா தண்ணியில எறங்கினாரு? நெசம்னு நெனச்சுத்தானே எறங்கினாரு. நீதானே கையைக் காட்டிச் சொன்ன?"

தம்பியின் முகம் சுண்டிப்போனது. தண்ணீரில் குதித்துத் தூக்கியதும் அவன்தான் என்பது இவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவன் வாசல் தாண்டியிருந்தான். அதன் பிறகு படகில் போகும்போது அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தம்பி பெண்டாட்டி மட்டும் வழியில் பார்த்தால், "அண்ணி, நீங்க பண்ணது சரிதான். ஆனா வீட்டுல என்னால அதைச் சொல்ல முடியாது" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல்காரரைப் பார்த்தாள். காலைத் தூக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை விசிறியாக வீசிக்கொண்டிருந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்க கத்தினது கேட்டுச்சும்மா. கேக்காத மாதிரி போனேன். என் மேலதான் தப்பு."

"வலி எப்படி இருக்கு?"

"அது கெடக்குது, ஆறிடும்." தொங்குகிற காலிலிருந்து பார்வையைத் திருப்பினார். "நாப்பது வருஷத்துல பதினேழு தடவ படிச்சிருக்கேன். எழுதினவர் சொன்ன திசை, காத்து, பாறை எல்லாத்தையும் மொத நாள் படகுல போனப்ப கண்ணால பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. இது மட்டும் பொய்யாம்மா?"

மனைவி, "ஒடைஞ்சது காலு, இவருக்கு அழுகை வர்றது புஸ்தகத்துக்கு" என்றாள். ஆனால் அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் புத்தகக் கடையில் இறங்கி அந்த நாவலை வாங்கினாள். ஐம்பது வயதை எட்டப்போகிறவள் முதல் தடவையாகப் படித்தாள். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டு படித்தாள். கதையில் பாதி அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் தையல்காரர் சொன்னது உண்மை. தண்ணீரைப் பற்றி எழுதிய இடமெல்லாம் உறுத்தியது, தப்பாக இருந்ததால் அல்ல, துல்லியமாக இருந்ததால். வற்றும்போது படித்துறைக் கல்லில் முதலில் தெரிவது எது, நீர் திரும்புகிற கணத்தில் குப்பை எப்படி ஓரிடத்தில் நின்று சுற்றும், மழைக்குப் பிறகு நுரை என்ன நிறம் - உட்கார்ந்து பார்க்காத ஆளால் எழுத முடியாத விஷயங்கள். முன்னுரையை எடுத்துப் பார்த்தாள். எழுதியவர் இதே ஊரில் சுங்கச் சாவடியில் நான்கு வருடம் எழுத்தராக இருந்தவராம். பழைய சுங்கச் சாவடி இருந்த இடம் அவளுக்குத் தெரியும். அதன் ஜன்னலைத் திறந்தால் மணல்திட்டுதான்.

"நாலு வருஷம்னா அம்பது பௌர்ணமிங்க" என்றாள் புருஷனிடம். "அம்பது தடவ ஜன்னல் வழியா பார்த்தவன் எப்படிங்க தப்பா எழுதுவான்?"

"வசதிக்கு மாத்தி எழுதியிருப்பான். நிலா இருந்தா நல்லா இருக்கும்னு."

"நொரை நெறத்தை மாத்தலையே."

அவர் ஒரு மிதிக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அப்போ தப்பு ஒன்னு அவன் மேல, இல்லாட்டி ஒன் மேல" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. அளவுகோலைப் பார்த்துவிட்டு மேலே வந்து, எழுதினோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி இறங்கினாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து நாவலைப் புரட்டினாள். முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டாள். அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம். விசாரித்ததில் இன்றைய நேரத்துக்கும் அதற்கும் இருபது நிமிட வித்தியாசம்தான் வந்தது. தவிரவும், நாவலில் மணியே இல்லை, நிலா எழுகிறது என்றுதான் இருக்கிறது. நிலா எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுகிறது?

ஒரு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் படியில் நின்றுகொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றியது: நான் பார்க்கிற தண்ணீரைத்தான் அவனும் பார்த்தானா?

பழைய பதிவேடுகள் அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு கிடங்கு அறையில் கிடந்தன. சாவி வைத்திருந்தவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிற பதிவறைக்காரர். "உள்ள பாம்பு இருந்தாலும் இருக்கும், நான் வரமாட்டேன்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மதிய இடைவேளையெல்லாம் அங்கே குந்தினாள். கரையான் தின்றது போக, எலி கடித்தது போக, ஒன்பதாம் நாள் பதினொரு நோட்டுகள் கிடைத்தன. கப்பலுக்கு முன்னால் போய் வழிகாட்டுகிற பைலட்டுகள் எழுதி வைத்தவை. நாவல் வெளிவந்ததற்கு ஆறு வருடம் முன்னால் தொடங்கி, வெளிவந்து எட்டு வருடம் வரைக்கும், நடுவில் சில வருடங்கள் காணாமல். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நேரம் குறித்திருந்தார்கள்: வெளியே கலங்கரை விளக்கத்தடியில் தண்ணீர் வற்றியது எப்போது, உள்ளே சுங்கச் சாவடிப் படித்துறையில் வற்றியது எப்போது.

இன்றைக்கு இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரம்தான். அந்த நோட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

அவள் தப்பாகப் படிக்கிறோமோ என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அடுத்த பக்கம், அடுத்த மாதம், அடுத்த வருடம். எல்லாம் மூன்று மணி நேரம். பௌர்ணமிகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாள். வெளியே இரண்டே முக்கால், உள்ளே ஆறு. வெளியே மூன்று, உள்ளே ஆறேகால்.

பிறகு புரிந்தது. கழிமுகத்தின் வாய் அப்போது இவ்வளவு அகலம் இல்லை, ஆழமும் இல்லை. வாய் குறுகிய குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் மெதுவாகத்தானே வெளியேறும்? வெளியே கடல் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகும் உள்ளே இருந்த தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியாக வற்றி முடிக்கும்போது நிலா வந்துவிட்டது. ஆறாவது நோட்டில் தூர்வாரும் இயந்திரக் கப்பல் வந்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. நாவல் வந்து இரண்டு வருடம் கழித்து. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் அந்த மூன்று மணி நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டே முக்கால், இரண்டு, ஒன்று, அரை. ஒரு தண்ணீரின் குணம் ஆறு வருடத்தில் மாறியதை, அது என்னவென்று தெரியாமலே யாரோ தினமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுத்தர் பொய் சொல்லவில்லை. பார்த்ததை எழுதினார். 'எந்தக் காலத்திலும்' என்று எழுதியவள்தான் பார்க்காததை எழுதினாள்.

அன்று மாலை அளவுகோல் பார்க்க ஆறு நிமிடம் தாமதமாகப் போனாள். இருபத்து மூன்று வருடத்தில் அது முதல் தடவை.

மறுநாள் இரண்டாவது அறிக்கையை எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, எனக்கு நல்லாப் புரியுது. ஆனா இதை அனுப்பினா என்ன ஆகும்? நாளைக்கு இன்னும் நாலு பேர் தண்ணியில எறங்குவாங்க, துறைமுக ஆபீசே முடியும்னு சொல்லிடுச்சுன்னு."

"இன்னைக்கு முடியாதுன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கேன் சார்."

"எவன் முதல் வரியைப் படிக்கிறான்? போன தடவ படிச்சானா?"

"அதனாலதான் சார். போன தடவ நான் எழுதின ரெண்டாவது வரி தப்பு. என் கையெழுத்தோட நிக்குது. என்னால உக்கார முடியலை."

"நீங்க எப்பக்கா உக்காந்தீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

செய்தித்தாளில் ஏழாம் பக்கத்தில், பழைய இரும்பு ஏலத்துக்குக் கீழே, நாலு வரி வந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆகவே சொல்ல வேண்டியவர்களிடம் தானே போய்ச் சொன்னாள்.

தம்பி படகில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் படித்துறையில் நின்று, நோட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். குடம், தூர்வாரும் கப்பல், மூன்று மணி நேரம். அவன் முதலில் திரும்பவில்லை. பிறகு கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப நான் சொன்னது சரி."

"நீ சொன்னது நூறு வருஷத்துக்கு முன்னாடி சரி. இப்ப சொன்னா கொலை."

"நீ சொன்னது?"

"நான் சொன்னது இப்ப சரி. நூறு வருஷத்துக்கு முன்னாடி தப்பு." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு உன்னைச் சொன்னதும் தப்புடா. நீ குதிக்கலைன்னா அந்த ஆளு இல்லை."

அவன் நகலை வாங்கி, எண்ணெய் பட்ட விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தான். திடீரென்று சிரித்தான். "அக்கா, இதைப் பாத்தியா?"

பைலட் ஒருவர் நோட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிறுக்கியிருந்தார். எண்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவில்லை. 'பௌர்ணமி. ஆறு மணிக்குத் திட்டு முழுதும் வெளியே. படகு போக வழியில்லை. கோட்டையில் குடியிருப்போருக்குப் பால் கொடுக்கப் பால்காரர் நடந்தே போய்வந்தார்.'

"பால்காரன்!" என்றான் தம்பி. "ஹீரோ உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுப் போற எடத்துல, பால்காரன் கேனைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கான்!"

அவளும் சிரித்தாள். படகில் ஏறி உட்கார்ந்துகூட விட்டாள். இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்துவிட்டாள். முகம் மாறிப்போயிருந்தது.

"என்னக்கா?"

"பால்காரனுக்கே தெரிஞ்ச வழி, கோட்டைக் காவல்காரனுக்குத் தெரியாதா? அங்க ஏன் ஒருத்தனையும் நிறுத்தலை?"

"ஐயோ, ஆரம்பிச்சிட்டா" என்று தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

தையல்காரருக்கு அன்றைக்கே போன் செய்தாள். அவர் ஊருக்குத் திரும்பிக் கட்டிலில் கிடந்தபடியே பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். நடந்துகொண்டே எல்லாம் சொன்னாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. அப்ப தண்ணி மேல தப்பு இல்ல, புஸ்தகத்து மேலயும் தப்பு இல்ல. நான்தான் நூறு வருஷம் லேட்டா வந்திருக்கேன்." மனைவியிடம் சொல்வது கேட்டது: "ஏய், பொய் இல்லையாம்!" அந்த அம்மா பதிலுக்கு ஏதோ சொன்னாள். அது இவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

காவல்காரர் சந்தேகத்தையும் அவரிடமே கேட்டாள். பதினேழு தடவை படித்தவர் ஆயிற்றே. அவர் யோசித்தார். எழுத்தர் பார்த்தது அவர் காலத்துத் தண்ணீரைத்தான், கதை நடப்பது அதற்கும் இருநூறு வருடம் முன்னால், அப்போது திட்டு எப்படி இருந்ததோ, யாருக்கும் தெரியாத புது வழியாக இருந்ததோ என்னவோ என்றார். அவர் சமாதானத்துக்காகச் சொன்னார். ஆனால் அந்தப் பதில் அவளை இன்னும் ஆழத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. முந்நூறு வருடம் முன்னால் அந்தத் திட்டு இருந்ததா என்பதே தெரியாதே! அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. மணலைத் துளை போட்டு எடுத்து அடுக்கடுக்காகப் பார்த்தால் சொல்லலாமாம். கல்லூரியில் மண்ணியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாலு தடவை போய்வந்துவிட்டாள். "வருவாங்க, துளை போடுவாங்க, அவங்களுக்கும் சாவகாசம் வேணும்ல" என்று புருஷன் சொல்லிப் பார்க்கிறார்.

தம்பி இப்போது பௌர்ணமியன்று மத்தியானம் மூன்று மணிக்குத்தான் படகு எடுக்கிறான். திட்டு வெளியே தெரியும்போது ஓரமாக நிறுத்தி, கயிறு கட்டிய எல்லைக்குள் பத்து நிமிடம் மட்டும் கால் வைக்க விடுகிறான். பிறகு குடத்துக் கதையையும் பால்காரர் கதையையும் சொல்வான். ஆட்கள் முன்பைவிட அதிகமாகவே வருகிறார்கள். பால்காரரைக் கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்த பிறகு கூட்டத்தில் எப்படியும் ஒருவர் கையைத் தூக்குவார்: "அப்போ காவல்காரங்க ஏன் அங்க நிக்கலை?"

"அது எங்க அக்காவோட டிபார்ட்மென்ட்" என்று கரைப் பக்கம் காட்டுவான். அங்கே பழைய சுங்கச் சாவடிப் படியில், ஒரு நீளக் கழியைத் தண்ணீருக்குள் குத்தி, அடியில் தட்டுப்படுவது மணலா களிமண்ணா என்று பார்த்துக்கொண்டு, ஓரிடத்தில் நில்லாமல் ஒருத்தி போய்வந்துகொண்டிருப்பாள்.